முகத்தை மறைத்து, வேலையைக் காட்டி: வடசென்னையில் குழந்தை உழைப்பைப் படமாகப் பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

குழந்தைத் தொழிலாளர் என்று சொன்னாலே பலர் எடுக்கும் படம் ஒன்றுதான்: அழுக்குப் படிந்த முகம், கேமராவைப் பார்க்கும் பெரிய கண்கள், பின்னால் மங்கலாக ஒரு பட்டறை. அந்தப் படத்தைக் கொண்டுபோய்த் தொழிலாளர் துறை அதிகாரியிடம் கொடுத்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. என்ன வேலை, யாரிடம் வேலை, எத்தனை மணிக்கு, எவ்வளவு சுமை என்ற எதற்கும் அதில் விடை இல்லை. வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிற ஒன்று மட்டும், அதாவது அந்தக் குழந்தையின் முகம், தெளிவாக இருக்கிறது.

இந்த வழிகாட்டி அதற்கு நேர்மாறான படத்தை எடுப்பதற்கானது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை, சௌகார்பேட்டை முதல் கொடுங்கையூர் வரை, படமெடுக்கத் தெரிந்த எவரும் பின்பற்றலாம். விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. பொறுமையும் ஒரு குறிப்பேடும் கட்டாயம் தேவை.

முதலில் சட்டம், பிறகு கேமரா

கண்ணில் படுவதெல்லாம் குற்றம் அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால், பள்ளி விட்டு வந்து அம்மாவின் இட்லிக் கடையில் தட்டு எடுத்து வைக்கும் பெண்ணைப் படமெடுத்து அந்தக் குடும்பத்தை அவமானப்படுத்திவிட்டு, பக்கத்துச் சந்தில் மாடியறையில் பூட்டி வைத்து வேலை வாங்கும் இடத்தைப் பார்க்காமலே திரும்பி வருவீர்கள்.

1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாத எவரையும் எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று, கலை, விளம்பரம், விளையாட்டு போன்றவற்றில் நிபந்தனைகளோடு பங்கேற்பது. மற்றது, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, விடுமுறையில் உதவுவது. குடும்பம் என்பதில் தாய், தந்தை, உடன்பிறந்தோர், தாய் தந்தையின் உடன்பிறந்தோர் வரைதான் அடக்கம். ‘தூரத்துச் சொந்தம், மாமா மாதிரி’ என்று பட்டறைக்காரர் சொல்லும் உறவு அதில் வராது.

14 முடிந்து 18 நிறையாதவர்கள் வளரிளம் பருவத்தினர். சுரங்கம், எளிதில் தீப்பற்றும் பொருள்கள், வெடிபொருள்கள், சட்டம் அபாயமானவை என்று குறிக்கும் செயல்முறைகள் ஆகியவற்றில் இவர்களை வைக்கக் கூடாது. மீறி வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைது செய்யக்கூடிய குற்றம் இது.

படமெடுப்பவருக்கு மிகவும் பயன்படுவது 2017-இல் வந்த விதிகள். குடும்பத் தொழிலில் உதவும் குழந்தைகூட மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை செய்யக் கூடாது. பள்ளி நேரத்திலும் கூடாது. ஒரு நாளில் ஓய்வு நேரம் போக 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஆக, காசிமேட்டில் விடியற்காலை 4 மணிக்கு மீன் கூடை தூக்கும் பத்து வயதுப் பையன் சொந்த அம்மாவோடுதான் நிற்கிறான் என்றாலும் அது விதிமீறல். அதே பையன் மாலை 5 மணிக்குத் தெருக்கடையில் அம்மாவுக்கு மீன் எடுத்துக் கொடுத்தால் பெரும்பாலும் இல்லை. உங்கள் படத்தில் நேரம் தெரிய வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

‘அட்வான்ஸ்’ என்ற சொல் காதில் விழுந்தால் விஷயம் வேறு திசையில் போகிறது. ஊரில் பெற்றோரிடம் முன்பணம் கொடுத்து, அதைக் கழிக்கும் வரை பிள்ளையை வேலைக்கு வைத்திருந்தால் அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும். இதில் உங்கள் புகைப்படத்தைவிட அந்தப் பற்று வரவு நோட்டுதான் பெரிய சான்று. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்துக் குறித்து வையுங்கள். எடுக்கவோ தொடவோ வேண்டாம்.

இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-ஐ மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. தொழிலாளர் சட்டத்துக்கு மாறாக வேலை செய்யும் குழந்தை, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையாகவே கருதப்படும். அப்படிப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள் என்பது இந்தத் தடையை நீக்காது. பலர் தடுமாறி விழும் இடம் இதுதான்.

எங்கே, எப்போது

வடசென்னையில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தொழில், ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நேரம்.

சௌகார்பேட்டை, கொண்டித்தோப்பு, யானைகவுனிப் பக்கம் நகை, வெள்ளிப் பட்டறைகள் மாடியில் இருக்கும். கீழே கடை, குறுகலான படிக்கட்டு, மேலே ஒரே அறையில் வேலையும் தூக்கமும். மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் கூட்டி வரப்படும் பையன்கள் இங்கே வேலை செய்வார்கள். தெருவில் நின்றால் ஒன்றும் தெரியாது. இரவு 10 மணிக்கும் மாடி ஜன்னலில் விளக்கெரிவதும், சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணிக்கையாக மேலே போவதும்தான் முதல் தடயம்.

பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. ரோடு சுற்றுவட்டாரத்தில் துணி. தீபாவளிக்கு முந்தைய ஆறேழு வாரம் காஜா, பட்டன், பிசிறு வெட்டுதல், மடித்துப் பொட்டலமிடுதல் என்று பீஸ் ரேட் வேலை வீடுகளுக்குள்ளும் போகும். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டையில் லேத், வெல்டிங், மெக்கானிக் ஷாப், காயலான் கடை. கொடுங்கையூர்க் குப்பை மேட்டைச் சுற்றி பிளாஸ்டிக் பொறுக்குவது, ஒயரை எரித்துச் செம்பு எடுப்பது. காசிமேட்டில் மீன் ஏலம் நள்ளிரவு கழிந்ததும் சூடு பிடித்து, விடிந்ததும் தணியும். இறால் உரிப்பது அதன் பிறகு. செங்குன்றம் தாண்டினால் அரிசி ஆலையும் செங்கல் சூளையும். அங்கே குடும்பம் மொத்தமும் வேலையில் இருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கோடை விடுமுறையும் அதோடு சேர்ந்து வருகிறது. படகு போகாத வீட்டில் வருமானம் நின்றிருக்கும்போதுதான் பிள்ளை ‘லீவுக்கு மட்டும்’ என்று பட்டறைக்குப் போகிறான். ஜூனில் பள்ளி திறந்த பிறகும் அங்கேயே இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். ஜூன் மூன்றாம் வாரம், செவ்வாய் அல்லது புதன், காலை 10 மணி முதல் 12 வரை: பதிவுக்கு இதைவிட வலுவான நேரம் வருடத்தில் இல்லை. ‘லீவு, சும்மா வந்தான்’ என்ற பதிலுக்கு அப்போது இடமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம் எத்தனை அழகாக இருந்தாலும் பாதி பலம் இழந்ததுதான்.

எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள், புகார் தவறான மேசைக்குப் போய் ஒரு வாரம் வீணாவது சாதாரணமாக நடக்கிறது. திருவொற்றியூர், மணலி, மாதவரம் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கின்றன. செங்குன்றம், மீஞ்சூர் திருவள்ளூர் மாவட்டம். காவல் துறையின் எல்லை இதோடு ஒத்துப்போகாது: எண்ணூரும் மணலியும் வருவாய்க் கணக்கில் சென்னை, காவல் கணக்கில் ஆவடி ஆணையரகம்.

போவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது

படமெடுத்த பிறகு யாரிடம் சொல்வது என்று யோசிக்கக் கூடாது. முதல் படத்துக்கு முன்பே அது முடிவாகியிருக்க வேண்டும். காரணம் எளியது: கேமராவைப் பார்த்த அன்று இரவே பட்டறைக்காரர் பிள்ளைகளை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார். மறுநாள் அதிகாரிகள் போனால் காலி அறை. உங்கள் கையில் நல்ல படம் இருக்கும். பையன்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே பூட்டிய இடம், வெளியூர்ப் பிள்ளைகள், அடி, முன்பணம் இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். இந்த எண் 24 மணி நேரமும் இயங்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தொழிலாளர் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கலாம் என்று தெரிந்தால் புகார் செய்வது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி எவருக்கும் கட்டாயம். சொல்லாமல் இருப்பதே குற்றம்.

தனியாகப் போக வேண்டாம். அந்தப் பகுதியில் வேலை செய்யும் அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியர், மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த அக்கா, மீனவர் சங்கத்தில் பேசத் தெரிந்த ஒருவர், இவர்களில் யாராவது கூட வந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் இரண்டு முறை கேமரா இல்லாமலே போங்கள். டீ குடியுங்கள், நேரத்தைக் கவனியுங்கள். மூன்றாம் முறை எடுத்தால் போதும்.

மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதை ஒட்டியே சென்னைத் துறைமுகம். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை காவல் காக்கிறது. துறைமுகச் சுவர், கப்பல், வாயில் இவற்றைப் படமெடுத்தால் நிறுத்தி விசாரிப்பார்கள். ஏலக்கூடத்துக்குள் எடுக்க எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ரயில் நிலைய நடைமேடைகளுக்கும் அப்படியே.

பட்டறைக்குள் நுழைய ஓனரின் சம்மதம் வேண்டும். ‘கார்ப்பரேஷன்ல இருந்து வரோம்’, ‘லேபர் ஆபீஸ்’ என்று சொல்லி நுழைவது அரசு ஊழியராக ஆள்மாறாட்டம் செய்த குற்றம்; அந்த வழக்கில் பட்டறைக்காரர் புகார்தாரராகவும் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராகவும் ஆகிவிடுவீர்கள். அமெரிக்காவில் 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலைகளையும் சுரங்கங்களையும் படமெடுத்த லூயிஸ் ஹைன் வேறு வேறு வேடம் சொல்லி உள்ளே போனார் என்பது உண்மை. அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதுவல்ல. கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்து, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் உயரத்தைக் கணக்கிட்டார். பைக்குள் கையை விட்டபடியே வயது, கூலி, நேரம் எல்லாவற்றையும் குறித்தார். அந்தக் குறிப்புகள் இருந்ததால்தான் அவர் படங்கள் சான்றாக நின்றன.

கருவியும் வெளிச்சமும்

ஒரு சிறிய கேமரா, ஒரு லென்ஸ். முழுச் சட்டகச் சென்சார் என்றால் 35 மி.மீ., சிறிய சென்சார் என்றால் 23 அல்லது 24 மி.மீ. செல்போனின் முதன்மைக் கேமராவும் ஏறத்தாழ இதே கோணத்துக்கு அருகில்தான் வரும், கொஞ்சம் அகலமாக. பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ் வேண்டாம். தெருவே திரும்பிப் பார்க்கும். தவிர, தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பிள்ளைக்கும் மெஷினுக்கும் இடையே உள்ள தூரம் நசுங்கி, உண்மையைவிட நெருக்கமாகத் தெரியும்.

கிளம்பும் முன் கேமராவின் கடிகாரத்தைச் செல்போனோடு வினாடி பிசகாமல் சரிசெய்யுங்கள். கேமரா நேரம் தப்பாக இருந்தால் மேலே சொன்ன விதிகளில் எதையும் உங்கள் படத்தால் நிறுவ முடியாது. வேலை நடக்கும் இடத்தில் சுவர்க் கடிகாரம் இருந்தால் அதுவும் ஒரு படத்திலாவது வர வேண்டும்.

பட்டறைகளில் டியூப்லைட்டோ எல்.இ.டி.யோதான் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 வைத்தால் வெளிச்சம் சீராக இருக்கும். 1/250, 1/500 என்று ஏற்றினால் ஒரு படம் இருட்டு, அடுத்தது வெளிச்சம், அல்லது குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு. ஓசை வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தக் கோடு இன்னும் மோசமாகும். எஃப் 2 அல்லது 2.8, ஷட்டர் 1/100, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 6400 வரை என்று தொடங்கலாம். 1/100-இல் வேகமாக ஓடும் கை சற்றுக் கலங்கும். கலங்கட்டும், அது வேலையின் வேகம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்; லேத்திலும் பஞ்ச் பிரஸ்ஸிலும் கை வைத்திருக்கும் பிள்ளையின் கண்ணில் வெளிச்சம் பட்டால் விரல் போகும்.

வெல்டிங் பொறியை நேராகப் பார்க்காதீர்கள், கேமராவையும் நேராக வைக்காதீர்கள். குப்பை மேட்டில் லென்ஸ் மாற்ற வேண்டாம், சென்சாரில் சாம்பல் ஏறும். அடி கனமான ஷூ போடுங்கள். கடற்கரையில் உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாமல் லென்ஸில் ஏறி விளக்குகளைச் சுற்றிப் புகை மாதிரி வளையம் காட்டும். அரை மணிக்கு ஒருமுறை ஈரத்துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

ரா ஃபைலும் (கேமரா திருத்தாமல் பதியும் மூலக் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்துப் பதியுங்கள். செல்போனில் ஃபில்டர், அழகூட்டும் வசதி எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள்.

எதை எடுப்பது

ஒரு இடத்துக்கு ஆறேழு படம் போதும், சரியான ஆறேழு.

முதலில் இடம். வெளியிலிருந்து தெரு, கட்டடம், பெயர்ப்பலகை, மின் மீட்டர். இது அதிகாரிகளுக்கு மட்டும்; வெளியிடுவதற்கு அல்ல. அடுத்து உள்ளே முழு அறை: எத்தனை பேர், ஜன்னல் உண்டா, வழி எங்கே, பாய் தலையணை எங்கே அடுக்கியிருக்கிறது. பிறகு கைகள். இந்த வேலையின் இதயம் இங்கேதான் இருக்கிறது, நேரம் செலவிடுங்கள்.

தொழில் கையில் எழுதியிருக்கும். வெள்ளிப் பட்டறையில் நைட்ரிக் அமிலம் பட்ட விரல்கள் மஞ்சளாகக் கறை ஏறியிருக்கும். பக்கத்தில் கேஸ் டார்ச், வெங்காரம் கரைத்த கிண்ணம். இறால் உரிக்கும் கை ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கி, நுனியில் முள் குத்திய கீறல்கள். லேத்தில் நகக்கண்ணெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. ஒயர் எரிக்கும் பிள்ளைகளின் முழங்கைவரை கரி. காஜா தைப்பவரின் விரலில் ஊசி குத்திய தழும்புகள். இரண்டடி தூரத்தில், கையும் கருவியும் பொருளும் ஒரே சட்டகத்தில் வர எடுங்கள். வெறும் கை மட்டும் என்றால் அது யாருடைய கையாகவும் இருக்கலாம்.

நான்காவது, அளவு. படத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது, ஆனால் உயரத்தையும் சுமையையும் காட்ட முடியும். பிள்ளைக்குப் பக்கத்தில், அதே தூரத்தில், அளவு தெரிந்த பொருள் இருக்க வேண்டும். நிரம்பிய 20 லிட்டர் கேனில் தண்ணீர் மட்டும் 20 கிலோ. வீட்டு கேஸ் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்போடு ஏறத்தாழ 30. தையல் மெஷின் மேசை சுமார் 30 அங்குல உயரம். செங்கல் என்றால் அந்தச் சூளையின் ஒரு கல்லை அளந்து எழுதிக்கொண்டு, சுவர் வரிசையை எண்ணிக்கொள்ளுங்கள்.

இங்கே நேர்மை பற்றி ஒன்று. அகலக் கோண லென்ஸை நின்றபடி மேலிருந்து பிடித்தால் தலை பெரிதாகி, கால் குட்டையாகி, 15 வயதுப் பையன் 10 வயதுபோல் தெரிவான். பலர் தெரியாமல் செய்கிறார்கள், சிலர் தெரிந்தே. கேமராவைப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு இறக்கி, நேராகப் பிடியுங்கள். மிகைப்படுத்திய ஒரே ஒரு படம் வெளிப்பட்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் மற்ற படங்கள் அத்தனையையும் அதைச் சொல்லியே ஒதுக்கிவிடுவார்.

ஐந்தாவது, அபாயம்: மூடி இல்லாத பெல்ட், கையுறை இல்லாத அமிலத் தொட்டி, திறந்த ஸ்விட்ச் போர்டு. ஆறாவது, நேரமும் கூலியும்: கடிகாரம், காலண்டர், சுவரில் சாக்குக்கட்டியால் எழுதிய பீஸ் கணக்கு.

‘தம்பி, இன்னொரு வாட்டி தூக்கு’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சோகமாக இரு, சிரிக்காதே என்பதும் கூடாது. பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘அண்ணா, ஒரு போட்டோ!’ என்று வந்து நிற்பார்கள். அந்தப் படத்தையும் எடுத்துக் காட்டுங்கள், கேட்டால் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். அது அவர்களுக்கானது, உங்கள் பதிவில் சேராது. பணம் கொடுக்காதீர்கள்; அடுத்த நாள் ‘காசு கொடுத்து நடிக்க வைத்தார்கள்’ என்று பட்டறைக்காரர் சொல்ல அதுவே போதும்.

கேட்பது, குறிப்பது

வயதை நேரடியாகக் கேட்டால் சொல்லிக்கொடுத்த பதில்தான் வரும்: ‘பதினெட்டு’. சுற்றிக் கேளுங்கள். ‘எத்தனாவது வரைக்கும் படிச்ச?’, ‘எப்போ நின்ன?’, ‘அக்கா எத்தனாவது படிக்குறா, உன்னவிட எவ்ளோ பெரியவ?’. எட்டாவது போன வருஷம் பாதியில் நின்றேன் என்றால் வயது தானாகத் தெரியும். ஆதாரில் உள்ள பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். சட்டப்படி வயதை நிறுவும் வரிசை: பள்ளிச் சான்று, இல்லையேல் மாநகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. அதனால் பள்ளியின் பெயர் தெரிவது பெரிய உதவி. உங்கள் குறிப்பில் ‘12 வயது’ என்று எழுதாதீர்கள். ‘12 என்று சொன்னான்’, ‘14-க்குக் குறைவாகத் தோன்றுகிறது’ என்று எழுதுங்கள்.

முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கேள்வி கேட்காதீர்கள். அவர் போன பிறகு அந்தப் பிள்ளை வாங்கும் அடி உங்களுக்குத் தெரியாது. வங்காளம், இந்தி, தெலுங்கு, ஒடியா பேசும் பிள்ளைகளிடம் மேஸ்திரியை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. உங்களோடு மொழி தெரிந்த ஒருவர் வர வேண்டும்.

சம்மதம் இரண்டு பேரிடம்: பிள்ளையிடமும், தாய் தந்தையிடமும். ‘நான்தான் கார்டியன்’ என்று சொல்லும் கான்ட்ராக்டர் பாதுகாவலர் அல்லர். படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், முகம் வராது, பிறகு வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம் என்பதை எளிய பேச்சில் சொல்லுங்கள். பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டால் அதுவே ‘வேண்டாம்’. வாயால் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும்: தேதி, கிழமை, நேரம், இடம், வேலை, தொடங்கும் முடியும் நேரம், கூலி, யார் கொடுக்கிறார்கள், யாரிடம் கொடுக்கிறார்கள், முன்பணம், சாப்பாடு, தூக்கம், கடைசியாகப் பள்ளிக்குப் போனது. கண்ணால் கண்டதற்கு ஒரு குறி, காதால் கேட்டதற்கு வேறு குறி. பெயருக்குப் பதில் எண். பெயரும் எண்ணும் உள்ள பட்டியல் தனித் தாளில், தனி இடத்தில்.

கோப்புகளைக் காப்பது

அன்றே இரண்டு இடத்தில் நகலெடுங்கள். இரண்டும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியவையாக இருக்கட்டும். மூலக் கோப்பைத் திறந்து திருத்த வேண்டாம், திருத்தம் நகலில்தான். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்து, நேரம், கேமரா விவரமெல்லாம் போய்விடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும்; ஆனால் ஜி.பி.எஸ். இடமும் சேர்ந்து போகும் என்பதை மறக்காதீர்கள். அதிகாரிக்கு அது வேண்டும், வேறு யாருக்கும் கூடாது.

நீதிமன்றம் வரை போகலாம் என்றால், நகலெடுத்த அன்றே ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் எஸ்.ஹெச்.ஏ. 256 ஹாஷ் எண் எடுத்து எழுதி வையுங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் மாறிவிடும். மாறவில்லை என்பதே திருத்தவில்லை என்பதற்குச் சான்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்), பிரிவு 63, மின்னணுச் சான்றுக்கு இரண்டு பகுதிச் சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதி கோப்பைத் தருபவர் கையெழுத்திடுவது, மற்றது நிபுணர் கையெழுத்திடுவது. கருவியின் மாடல், வரிசை எண், ஹாஷ் எண் எல்லாம் அதில் நிரப்ப வேண்டும். ஆறு மாதம் கழித்து விற்றுவிட்ட கேமராவின் எண்ணைத் தேடுவதைவிட இன்றே எழுதி வைப்பது எளிது.

வெளியிடும்போது

முகத்தை மறைப்பது கணினியில் செய்யும் வேலை அல்ல, படமெடுக்கும்போதே செய்வது. பின்னாலிருந்து, தோளுக்கு மேலிருந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக நிழலுருவாக, கதவு மறைக்க. மெல்லிய மங்கலும் கட்டம் கட்டமான மறைப்பும் போதாது. தெருக்காரர்கள் நடையையும் சட்டையையும் வைத்தே கண்டுபிடிப்பார்கள். மறைத்தே ஆக வேண்டுமானால் முழுக் கறுப்பாக.

முகத்தோடு நிற்காதீர்கள். பள்ளிச் சீருடை, பேட்ஜ், பச்சை குத்திய குறி, தழும்பு, கையில் கட்டிய கயிறு, வாசல் எண், கோயில் கோபுரம், கண்ணாடியில் தெரியும் பிம்பம், தண்ணீர்த் தொட்டியின் பிரதிபலிப்பு: ஒவ்வொன்றையும் படத்தைப் பெரிதாக்கித் தேடுங்கள். இன்னொரு பொறி: படத்தை வெட்டிச் சேமித்தாலும் கோப்புக்குள் இருக்கும் குட்டிப் படத்தில் வெட்டாத முகம் அப்படியே தங்கிவிடலாம். புதிய கோப்பாக ஏற்றுமதி செய்து, உள் விவரங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். தெருவின் பெயர் வேண்டாம், ‘வடசென்னை’ போதும்.

படக்குறிப்பில் ‘கருகிய மொட்டு’, ‘பிஞ்சுக் கைகள்’ போன்றவை வேண்டாம். அவை படிப்பவரை ஒரு நொடி உருக்கிவிட்டு விட்டுவிடும். மாதிரிக்கு இப்படி எழுதலாம்: ‘வடசென்னையில் ஒரு வெள்ளிப் பட்டறை, ஜூன், செவ்வாய்க்கிழமை காலை 10.40. 13 வயது என்று சொன்ன சிறுவன் கையுறை இல்லாமல் அமிலத்தில் கொலுசு கழுவுகிறான். காலை 8 மணிக்குத் தொடங்கி இரவு 9 வரை வேலை என்றான். ஏழாம் வகுப்போடு நின்றவன்.’ இதில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. படிப்பவருக்கு அந்த 13 மணி நேரம் போதும்.

மீட்பு நாளன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, அதிகாரிகள் பக்கத்தில் நிற்க எடுக்கும் படம் வழக்கமாகிவிட்டது. அதை எடுக்காதீர்கள், எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை பயத்தில் இருக்கிறான். போலீஸ் பிடித்துவிட்டது என்றுதான் நினைக்கிறான். அன்று எடுக்க வேண்டியவை ஆளில்லாத அறை, கருவிகள், பாய்கள், அதுவும் விசாரணை அலுவலர் சொன்ன பிறகு.

பிறகு

புகாரின் நகலையும் தேதியையும் வைத்துக்கொண்டு தொடர வேண்டிய விஷயங்கள் சில உண்டு. 1996-ஆம் ஆண்டு எம்.சி. மேத்தா வழக்கில், சிவகாசி தொடர்பாக வந்த தீர்ப்பில், ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலைக்கு வைத்தவர் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016 திருத்தத்தின்படி மறுவாழ்வு நிதியில் அரசு ஒரு குழந்தைக்கு 15,000 ரூபாய் சேர்க்க வேண்டும். இவை அந்தக் குழந்தையின் பெயரில் வந்தனவா என்று பெற்றோரோடு சேர்ந்து எழுதிக் கேளுங்கள்.

மூன்றாம் மாதம் அதே தெருவுக்குக் கேமரா இல்லாமல் போங்கள். பட்டறை பெயர் மாறித் திறந்திருக்கிறதா, பழைய பிள்ளைகளுக்குப் பதில் புதியவர்களா என்று பாருங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்பதைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்கலாம். உள்ளூர்ப் பிள்ளை என்றால் பள்ளித் தலைமையாசிரியரிடம் வருகைப் பதிவைக் கேளுங்கள். சொல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராத குழந்தையைப் பற்றிப் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்கும் கடமை விதிகளின்படி அவருக்கு உண்டு. வழக்கு முடிந்து, மேல்முறையீட்டுக் காலமும் கடந்த பிறகு பெயர்ப் பட்டியலைக் கிழித்து எரித்துவிடுங்கள். முகம் தெரியும் கோப்புகளையும் இரண்டு நகலிலிருந்தும் அழித்து, அழித்த தேதியைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.